பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்

மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பற்றி யார் பேசினாலும் 'கதை வகுப்பு' என்ற பெயர் ஒரு முறையாவது வந்துவிடும். 1950இல் தமிழ் நேசன் நாளிதழ் தொடங்கிய வகுப்பு அது. நடத்தியவர்கள் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் என்ற இருவர். சிறுகதை எழுதுவது எப்படி என்ற பாடம் பத்திரிகையில் அச்சாகி வரும். வாசகர்கள் எழுதி அனுப்புவார்கள். ஆசிரியர்கள் அதைப் படித்துப் பார்ப்பார்கள். இவ்வளவுதான். ஆனால் போருக்குப் பின் மலாயாவில் எழுத வந்த ஒரு தலைமுறையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் இங்கிருந்துதான் தொடங்கவேண்டியிருக்கிறது.

இதை நாம் இலக்கியச் செய்தியாகவே படித்துப் பழகிவிட்டோம். எனக்கு இதில் வேறொன்றும் கண்ணில் படுகிறது. இது பெரியவர்களுக்கான பள்ளிக்கூடம். படிப்பு பாதியில் நின்றுபோன, கையில் காசில்லாத, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஆட்களுக்கு யாரோ ஒருவர் தனியாக நேரம் ஒதுக்கினார். அந்த நேரம் என்ன செய்தது, அது கிடைக்காத இடத்தில் என்ன நடந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க நினைக்கிறேன்.

1950இன் மலாயாவை நினைத்துப் பாருங்கள். 1948 ஜூனில் பிரகடனம் செய்த அவசரகாலம் நடந்துகொண்டிருக்கிறது. பல தோட்டங்களில் லயங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. கொரியப் போரால் ரப்பர் விலை ஏறுகிறது. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நிற்கிறவன் வீட்டில் அந்த ஏற்றம் அந்த அளவுக்குத் தெரியவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. பள்ளி இருந்தது. ஆறு வருடம் தமிழில் படிக்கலாம். அதற்கு மேல் தமிழில் இடைநிலைப்பள்ளி இல்லை. ஆங்கிலப் பள்ளி பட்டணத்தில் இருந்தது, கட்டணத்தோடு. ஆறாம் வகுப்பு முடித்த பையனுக்கு அடுத்துக் கிடைத்தது பால்வெட்டுக் கத்தியும் வாளியும்தான்.

அப்படிப்பட்டவனுக்கு இருபது வயதில் எழுத ஆசை வந்தால் யாரிடம் போவான்? தோட்டத்தில் எழுத்து வேலை தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வாத்தியார், இன்னொருவர் கிராணி. கிராணி முன்னால் போய் நின்று, 'ஐயா, நான் ஒரு கதை எழுதியிருக்கேன்' என்று சொல்ல முடியுமா? சம்பளத்தை எண்ணித் தருகிறவர் அவர். கதை வகுப்பு வந்தது இந்த இடத்தில்தான். ஒரு தபால்தலை ஒட்டினால் போதும், கோலாலம்பூரில் ஒருவர் உன் எழுத்தைப் படிப்பார். அவர் உன் முதலாளி இல்லை. உன் சாதி, உன் லயத்து நம்பர், உன் அப்பா வாங்கிய கடன் எதுவும் அவருக்குத் தெரியாது. தாளில் இருப்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

இரண்டு வருடம் கழித்து, 1952இல், கு. அழகிரிசாமி தமிழகத்திலிருந்து தமிழ் நேசனுக்கு வந்தார். 1957 வரை இங்கே இருந்தார். அவர் கோலாலம்பூரில் நடத்திய இலக்கிய வட்டக் கூட்டங்களில் இளம் எழுத்தாளர்கள் உட்கார்ந்து கதைகளை அலசினார்கள். தபாலில் நடந்த வேலை இப்போது நேருக்கு நேர் நடந்தது. தான் எழுதியதை முன்னே வைத்துவிட்டு, நல்ல கதைக்காரர் ஒருவர் அதைப் பற்றி என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருப்பது எழுதுகிற எல்லோருக்கும் தெரிந்த அனுபவம். வாழ்க்கையில் யாரும் தன் அபிப்பிராயத்தைக் கேட்டதே இல்லை என்ற நிலையிலிருந்து வந்தவனுக்கு அந்தக் காத்திருப்பு இன்னும் பெரியது.

ஜொகூர்க்காரனாக எனக்கு முக்கியமான பெயர் தங்காக் மா. இராமையா. மா. செ. மாயதேவனோடு சேர்ந்து அவர் வெளியிட்ட 'இரத்த தானம்' சிறுகதைத் தொகுப்பு 1953இல் வந்தது. பிற்பாடு மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றைத் தொகுத்துக் களஞ்சியமாக்கியவரும் அவர்தான். மூவார் பக்கம் போகிறவர்களுக்குத் தங்காக் என்றால் துணிக்கடைகள் ஞாபகம் வரும். எனக்கு இந்த மனிதர் ஞாபகம் வருகிறார்.

*

அதே தலைமுறைக்கு இன்னொரு வகுப்பும் தேவைப்பட்டது. அது நடக்கவேண்டிய அளவுக்கு நடக்கவில்லை.

1957 ஆகஸ்டு 31இல் மலாயா சுதந்திரம் பெற்றது. அந்த நாளுக்குப் பின் இங்கே பிறக்கிற குழந்தைக்குக் குடியுரிமை தானாகவே வரும் என்றது அரசியலமைப்பு. கப்பலேறி வந்தவர்களுக்கு அப்படி இல்லை. அவர்கள் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும். கடைசி 12 வருடங்களில் 8 வருடமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும், மலாய் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த மொழித் தகுதி தேவையில்லை என்று விலக்கும் தந்தார்கள். அதாவது ஒரு கதவு திறந்திருந்தது, ஒரு வருடத்துக்கு அகலமாகவே திறந்திருந்தது.

யாருமே சொல்லவில்லை என்று குறை சொல்ல முடியாது. தொழிற்சங்கத்தாரும் ம.இ.கா.வினரும் பதிந்துகொள்ளச் சொன்னார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி, தமிழர்கள் குடியுரிமை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தமிழ் முரசு வழியாக ஓர் இயக்கமாகவே வற்புறுத்தினார். ஆனால் கூட்டத்தில் கைதட்டுவது வேறு, பாரம் நிரப்புவது வேறு. கங்காணியோடு வந்தவர் எந்தக் கப்பலில், எந்த வருடம் இறங்கினார் என்பதற்கு என்ன அத்தாட்சி காட்டுவார்? பிறந்த தேதி தெரியாதவர் தேதி என்ற கட்டத்தில் எதை எழுதுவார்? இங்கே கையெழுத்துப் போட்டால் ஊருக்குப் போகவே முடியாதோ என்ற பயம் பலருக்கு இருந்தது. வேலையை ஒருநாள் விட்டுவிட்டுப் பட்டணத்து ஆபீசுக்குப் போனால் அன்றைய சம்பளம் போச்சு. இந்தச் சந்தேகம் ஒவ்வொன்றும் தனித்தனி மனிதனுடையது. மேடையிலிருந்து ஒலிபெருக்கியில் இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது.

பன்னிரண்டு வருடம் கழித்துக் கணக்கு வந்தது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றது. 1969 மே கலவரத்துக்குப் பின் அது கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. பிழைக்க வழியில்லை என்று அந்தக் காலகட்டத்தில் ஏறக்குறைய 60,000 இந்தியர்கள் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர்கள். ரஜூலா கப்பலில் வந்தவர்கள் பலர் அதே கப்பலில் திரும்பினார்கள். நம் வட்டாரத்தில் எழுபது வயதைத் தாண்டிய யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். 'சிவப்பு ஐசி' என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் மாறும்.

இத்தனைக்கும் ஒரே காரணம் பாரம் நிரப்பித் தர ஆள் இல்லாததுதான் என்று நான் சொல்ல வரவில்லை. சட்டம் போட்டது அரசாங்கம். அதன் பின்னால் இன அரசியல் இருந்தது, ரப்பர் பொருளாதாரம் இருந்தது. ஆனால் கதவு திறந்திருந்த நேரத்தில் உள்ளே போனவர்கள், வெளியே நின்றுவிட்டவர்கள் என்ற இரண்டு வகையினருக்கும் நடுவில் என்ன வித்தியாசம் என்று யோசித்தால், பல குடும்பக் கதைகளில் ஒரு மனிதர் வருகிறார். ஒரு வாத்தியார், ஒரு யூனியன்காரர், கடைக்கார முதலியார், பட்டணத்தில் வேலை செய்த மாமா. 'வா, நான் கூட்டிட்டுப் போறேன்' என்று சொன்ன ஒருவர். அவர் வந்த வீட்டில் நீல ஐசி. அவர் வராத வீட்டில் கப்பல் டிக்கெட்.

*

அதே 1957இல் அமெரிக்காவின் தென் கரோலினாக் கடலோரத்தில் இதே மாதிரி ஒரு பாரத்தின் முன்னால் கறுப்பின மக்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஜான்ஸ் தீவு என்று பெயர். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வயலிலும் சார்ல்ஸ்டன் நகரத்து வீடுகளிலும் வேலை செய்தார்கள். ஓட்டுரிமை பெயரளவில் இருந்தது. வாக்காளராகப் பதிய வேண்டுமென்றால் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியை அதிகாரி முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். வாசிக்கத் தெரியாதவனுக்கு ஓட்டு இல்லை. அவனுக்கு வாசிக்கச் சொல்லித்தரும் நல்ல பள்ளியும் இல்லை.

அந்தத் தீவில் ஈசா ஜென்கின்ஸ் என்பவர் பஸ் ஓட்டினார். தினமும் காலையில் ஆட்களைச் சார்ல்ஸ்டனுக்கு வேலைக்குக் கூட்டிப்போவார். போகிற வழியிலேயே அரசியலமைப்பின் அந்தப் பகுதியைப் பற்றிப் பேசுவார், படித்துக்காட்டுவார். ஆலிஸ் வைன் என்ற பெண் அதைக் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்துவிட்டார். அப்புறம் அவர், மனப்பாடம் போதாது, எனக்கு நிஜமாகவே வாசிக்கக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டார். ஜென்கின்ஸ் இந்தத் தேவையை டென்னசியில் இருந்த ஹைலாண்டர் பள்ளிக்கு எடுத்துப்போனார். அங்கே செப்டிமா கிளார்க் இருந்தார். பல வருடம் ஆசிரியையாக இருந்தவர். கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் உறுப்பினர் பதவியை விட மறுத்ததால் 1956இல் வேலையை இழந்தவர்.

வகுப்புக்கு ஆசிரியர் வேண்டும். கிளார்க் கைகாட்டியது பள்ளி ஆசிரியர் யாரையும் அல்ல. பெர்னிஸ் ராபின்சன் என்ற தன் உறவினரை அழைத்தார். அவர் தொழில் முடி அலங்காரம். இதில் இரண்டு நல்லது இருந்தது. அவருடைய வாடிக்கையாளர்கள் கறுப்பினப் பெண்கள், ஆகவே வெள்ளைக்கார முதலாளி யாரும் அவரை வேலையிலிருந்து தூக்க முடியாது. இன்னொன்று, வாத்தியார் தோரணை அவரிடம் இல்லை. பெரியவர்களைக் குழந்தைகள் மாதிரி நடத்துகிற பழக்கம் அவருக்கு வரவே வாய்ப்பில்லை.

1957 ஜனவரி 7ஆம் தேதி முதல் வகுப்பு. வந்தவர்கள் 14 பேர். முன்பக்கம் கூட்டுறவு மளிகைக்கடை, பின்பக்க அறையில் வகுப்பு. கடை இருந்ததால் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே நடப்பது தெரியாது. ராபின்சன் குழந்தைகளுக்கான பாடப்புத்தகங்களை ஒதுக்கிவிட்டார். உங்களுக்கு என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும் என்றார்கள். மணியார்டர் பாரம் நிரப்ப வேண்டும், கடைப் பட்டியலைப் பார்த்துச் சாமான் எழுதி வரவழைக்க வேண்டும், பைபிள் வாசிக்க வேண்டும், ஓட்டுக்குப் பதிய வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆனது. அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அந்த 14 பேரில் பலர் வாக்காளர்களாகப் பதிந்தார்கள். சில வருடங்களில் அமெரிக்கத் தெற்கு முழுக்க இந்த மாதிரி வகுப்புகள் பரவின. மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பு 1961இல் இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பேரணிகளின் படங்கள்தான் நமக்குத் தெரியும். அந்தப் பேரணிகளில் நடந்தவர்களில் பலர் ஏதோ ஒரு பின்பக்க அறையில் முதலில் தன் பெயரை எழுதிப் பார்த்தவர்கள்.

*

அது அமெரிக்கா, நம்ம ஆட்களுக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் ஒத்துவந்தது. 1990 பிப்ரவரியில் கேரளத்து எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகத்தில் தமிழகத்தின் மாவட்டங்களில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அதில் உலகம் முழுக்கப் பேசப்பட்டது புதுக்கோட்டை. 1991இல் அங்கே ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத்.

அறிவொளியின் அடிப்படை அளவு ஏறக்குறைய பத்துப் பேருக்கு ஒரு தொண்டர். சம்பளம் கிடையாது. தொண்டர்களில் பலர் அதே ஊரைச் சேர்ந்த, பள்ளி முடித்த இளைஞர்களும் பெண்களும். வேலை முடிந்து வந்த பெண்கள் இரவில் தெருவிளக்கின் கீழோ யார் வீட்டுத் திண்ணையிலோ உட்காருவார்கள். பாடம் 'அம்மா, ஆடு' என்று தொடங்கவில்லை. முதல் பாடத்துச் சொல் 'பட்டா'. நிலமில்லாதவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிறகு சைக்கிள். புதுக்கோட்டை இயக்கத்தில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதும் ஒரு பாடமாகவே சேர்ந்தது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் நேரில் போய்ப் பார்த்து எழுதியதால் அது உலகத்துக்குத் தெரிந்தது. கல்லுடைக்கிற பெண்கள், செவிலியர், விவசாயக் கூலிப் பெண்கள் எல்லோரும் ஓட்டினார்கள். பெண்கள் சைக்கிள் போதவில்லை, பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அந்தப் பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பது கூடுதல் வசதி. சைக்கிளுக்கும் எழுத்தறிவுக்கும் என்ன சம்பந்தம்? சைக்கிள் பழகிய யாருக்கும் அது தெரியும். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு ஓடிவர வேண்டும். எந்த நேரத்தில் கையை விடுவது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் கல்குவாரிகளைப் பெண்கள் குழுக்களுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. அதுவரை கூலி வாங்கியவர்கள் கணக்கு எழுத ஆரம்பித்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, எதிர்த்தார்கள். எழுத்து தெரிந்துவிட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்ற கதையும் இது இல்லை.

அறிவொளியின் தோல்வியையும் சொல்லத்தான் வேண்டும். மானுடவியலாளர் ஃபிரான்சிஸ் கோடி புதுக்கோட்டையில் தங்கி ஆய்வு செய்து 2013இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். இயக்கம் சொன்ன விடுதலைக்கும் கிராமத்துப் பெண்கள் எழுத்தைப் பார்த்த விதத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி அதில் தெரிகிறது. பலருக்குக் கையெழுத்துப் போட மட்டும் வந்தது. மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக விழா நடந்த பின் தொண்டர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், கல்யாணம் ஆகிப் போனார்கள். பக்கத்தில் ஆள் இல்லாமல் எழுத்தும் மங்கியது. ச. தமிழ்ச்செல்வன் தன் அறிவொளி அனுபவங்களை 'இருளும் ஒளியும்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள்.

*

இப்போது ஜொகூருக்கு வருகிறேன். நான் ஸ்கூடாயில் பொறியியல் படித்தேன். பாசிர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. இந்த மாநிலத்தில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. 2006இல் இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் வந்த பிறகு அந்த வேகம் இன்னும் கூடியது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் இன்று எங்களைப் போன்ற தொழிற்சாலைகளில் கான்ட்ராக்ட் ஆட்களாக, செக்யூரிட்டியாக, லோரி டிரைவராக இருக்கிறார்கள். தோட்டத்தில் வறுமை இருந்தது, ஆனால் எந்தத் தாளுக்கு யாரிடம் போவது என்று தெரியும். கோயில் தலைவர் இருந்தார், யூனியன் ஆள் இருந்தார். இங்கே மாடிவீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரே தெரியாது. தாள்களும் இப்போது தாளாக இல்லை, எல்லாம் ஆன்லைன். பாஸ்வேர்டு மறந்துபோனால் உதவிக்குக் கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் இருக்கும். அழைத்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று ஒரு பெண்குரல் மலாயில் சொல்லும்.

எங்கள் பாய்லர் பகுதியில் நாற்பத்தெட்டு வயது அண்ணன் ஒருவர். பன்னிரண்டு வருடமாக உதவியாளர். பாய்லர்மேன் தகுதிச் சான்றிதழ் இருந்தால் பதவியும் சம்பளமும் வேறு. அதற்குப் பரீட்சை இருக்கிறது, மலாயில். அவர் ஒரு தடவை எழுதித் தேறாமல் விட்டுவிட்டார். 'எனக்குக் கைக்குத் தெரியும் தம்பி, வாய்க்கு வரமாட்டேங்குது' என்றார்.

கைக்குத் தெரியும் என்பது உண்மை. கேஜ் கிளாசில் தெரிகிற தண்ணீர் மட்டம் நிஜமா பொய்யா என்று அவர் சோதிக்கிற விதம் புத்தகத்தில் உள்ளதைவிடச் சுத்தமாக இருக்கும். எந்த வால்வை முதலில் மூடுவது, எதைத் திறப்பது, ஏன் என்று எல்லாம் தெரியும். சேஃப்டி வால்வு சத்தத்தை வைத்தே அழுத்தம் சொல்வார். அதற்கு மலாயில் 'இஞ்சாப் கெசெலாமாத்தான்' என்று எழுத வேண்டும் என்பதுதான் அவருக்குச் சுவர். நாங்கள் வாரத்தில் இரண்டு நாள் ஷிப்ட் முடிந்து கேன்டீனில் உட்கார்ந்தோம். நான் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. அவர் ஒரு நாள் முழுக்கச் செய்வதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். சொல்லச் சொல்ல எழுதினேன். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே மலாய்ப் பெயரைப் போட்டோம். அவர் அதைக் கைப்பேசியில் பேசிப் பதிவுசெய்து மோட்டோவில் வரும்போது கேட்டுக்கொண்டே வருவார். நான்கு மாதம் ஆனது. நடுவில் மூன்று வாரம் அவர் வரவேயில்லை. ஏன் என்று கேட்டபோது, 'மகன் வயசுப் பையன்கிட்ட உட்கார்ந்து படிக்கிறேன்னு பசங்க கிண்டல் பண்றானுங்க' என்றார். அதற்கப்புறம் நாங்கள் கேன்டீனை விட்டுவிட்டுப் பாய்லர் ரூமிலேயே உட்கார்ந்தோம். அங்கே அவர்தான் மூத்தவர், நான்தான் கேள்வி கேட்கிறவன். உண்மையிலேயே எனக்குத் தெரியாத பல விஷயங்களை அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டேன். பார்க்கிறவர்களுக்கும் அப்படியே தெரிந்தது. இரண்டாவது தடவை அவர் தேறிவிட்டார்.

ஒரு ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த நான்கு மாதத்துக்குப் பிறகுதான் ஜான்ஸ் தீவு முடி அலங்காரக்காரர் ஏன் தேவைப்பட்டார் என்பது எனக்குப் புரிந்தது. பெரியவர்கள் படிக்க வராததற்கு மூளை காரணமில்லை, நேரம்கூட முழுக் காரணமில்லை. வெட்கம் பெரிய காரணம். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தைச் சட்டமோ மானியமோ செயலியோ தானாக உருவாக்கிவிடாது. ஒரு மனிதர் உருவாக்க வேண்டும். அதையும் மேலே நின்று உருவாக்க முடியாது.

இங்கே ஒரு ஆபத்தும் இருக்கிறது. வழிகாட்டுகிறேன் என்று வருகிறவர்களில் பலர் உபதேசம் செய்ய வருகிறார்கள். 'குடிக்காதே, சேமி, பிள்ளைகளைப் படிக்க வை' என்று நூறு வருடமாக நம் தோட்டத்து மக்களுக்குச் சொல்லாத தலைவர் இல்லை. அவர்கள் சொன்னது தப்பில்லை. அதை மேடையிலிருந்து கேட்டுக் கேட்டு நம் ஆட்களுக்குத் தலையாட்டப் பழகிவிட்டது. கதை வகுப்பில் நடந்தது வேறு. அங்கே ஆசிரியருக்கு மாணவன் எழுதியது தேவைப்பட்டது. அவன் எழுதி அனுப்பாவிட்டால் வகுப்பே இல்லை. தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, கோலாலம்பூரில் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது. ராபின்சனின் பாடத்திட்டம் அந்த 14 பேரின் வாயிலிருந்து வந்தது. புதுக்கோட்டையில் பாடம் 'பட்டா'விலிருந்து தொடங்கியது. வேலை செய்த வழிகாட்டல் எல்லாவற்றிலும் முதல் சொல் படிக்க வந்தவனுடையதாகத்தான் இருந்திருக்கிறது.

கணக்கையும் பாருங்கள். ராபின்சனுக்கு 14 பேர், அறிவொளித் தொண்டருக்குப் பத்துப் பேர். எங்கள் பாய்லர் ரூமில் ஒரே ஒருவர். சிறிய எண்கள்தான். மாநாடு போட்டால் ஒரே நாளில் ஐந்நூறு பேரைக் கூட்டலாம், படமும் எடுக்கலாம். நம் சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் அந்த ஐந்நூறுதான் இருக்கும், இந்த ஒன்று இருக்காது. அதனால்தான் 1957இல் எத்தனை கூட்டம் நடந்தது என்று தேடினால் கிடைக்கிறது. எத்தனை பேர் ஒரு தொழிலாளியின் கையைப் பிடித்துப் பதிவு ஆபீஸ் வரைக்கும் போனார்கள் என்று தேடினால் கிடைப்பதில்லை.

அதை இனியாவது நாம் எழுதி வைக்கலாம். இதைப் படிக்கிற உங்கள் வீட்டில் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ நீல ஐசி கிடைத்திருந்தால், அன்றைக்கு யார் கூட்டிப்போனார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் பெயரைக் கேளுங்கள், எந்தத் தோட்டம், என்ன வேலை, பாரத்தை யார் எழுதினார் என்று கேளுங்கள். சொல்லக்கூடியவர்கள் இன்னும் பத்து வருடம் இருப்பார்களா என்பது சந்தேகம்தான். சின்னப் பெயர் பெரிய பெயர் என்று பார்க்காமல் எழுத்தாளர்களைத் தேடித் தொகுத்தவர் தங்காக்கில் இருந்தார். பாரம் எழுதித் தந்தவர்களுக்கும் அப்படி ஒரு களஞ்சியம் வேண்டும்.